கரைக்குக் கொஞ்சம் முன்னால்

எழுவைதீவுக் கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நடுவர் பார்த்துக்கொண்டிருக்க, அன்ரனிதாஸ் தங்கச்சியின் கையைப் பிடித்துத் தன் படகுக்குள் இழுத்துப் போட்டான்.

போச்சு. எல்லாம் போச்சு.

இந்தியக் கரையில் இறங்கி விடிய விடிய நீந்தி வந்தவள் நிமலினி. கூட வருகிற படகில் ஒரு விரல் பட்டாலும் அந்த நீச்சல் செல்லாது. தண்ணீர்கூடக் கயிற்றில் கட்டிய போத்தலில்தான் எறிவார்கள். அதெல்லாம் அன்ரனிதாஸுக்குத் தெரியாததா? புறப்படும்போது நடுவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பாங்கொக், தோகா என்று நாடு நாடாய்ப் போய் இலங்கைக்காக நீந்தியவள். வலது தோள் தேய்ந்துபோய், இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டு இறங்கியிருந்தாள். அவள் காலூன்றி ஏறுவதைப் பார்க்க இறங்குதுறையில் ஊரே நின்றது. சுவாமியார் மாலையோடு நின்றார். கனடாவிலிருந்து வந்தவர்கள் கமெராவோடு நின்றார்கள்.

அவ்வளவு சனத்துக்கும் முன்னால் அவளைத் துவாயால் சுற்றிக் கைத்தாங்கலாய் இறக்க வேண்டியதாயிற்று.

“விசரா! இவ்வளவு தூரம் வந்த பிள்ளையைக் கெடுத்துப்போட்டியேடா!” தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை மகனை அடிக்காத குறை.

கடற்காரனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறது என்றார் யாரோ. அதுவும் உண்மைதான். தண்ணீருக்குள் ஒரு ஆள் தத்தளித்தால் இந்தத் தீவில் எவனும் சட்டம் பார்ப்பதில்லை, கை முந்திவிடும். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டான் மடையன் என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. மேரிசுகந்தி, அவன் கட்டின பெண்சாதி, அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்ரனிதாஸ் குனிந்து படகுக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நிமலினி தலையை நிமிர்த்தினாள். “அப்பா, அண்ணையில பிழையில்லை. நான்தான்...”

“கை தன்ரபாட்டில போயிட்டுதப்பா!” அன்ரனிதாஸ் சத்தமாய்க் குறுக்கே விழுந்தான்.

கடலில், போத்தலை எடுக்கக் கிட்ட வந்தவள், என்ஜின் இரைச்சலுக்குள் அவனுக்கு மட்டும் கேட்கச் சொல்லியிருந்தாள். இனி ஏலாதண்ணை, நானாய் விட்டிட்டன் எண்டு மட்டும் ஊருக்குத் தெரியவேண்டாம், நீங்கள் பிடிச்சு இழுங்கோ.

இப்போது அவள் அவனைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

பொழுதுபடும்வரை ஆட்கள் வந்து அவனைத் திட்டினார்கள். அவன் வாசலை மறித்துக் கதிரையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்கள் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னான்.

“மெல்லமா ஏசுங்கோ. தங்கச்சி நித்திரை கொள்ளுறாள்.”