பின்சீட்டின் பாரம்

மழை பெய்தால், இளம்வழுதியின் வீட்டுக்கு ஏறும் செம்மண் பாதை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அவனுடைய பழைய அம்பாசிடரைப் பின்சக்கரங்கள்தான் தள்ளுகின்றன. அவற்றின் மேல் பாரம் இருந்தால்தான் மண்ணில் பிடிப்பு. அதனால் ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் அவன் மனைவி செண்பகா முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்சீட்டுக்குப் போய்விடுவாள். அவள் இறந்து ஐந்து மாதமாகிறது.

“வித்துடுங்க மாப்ள,” என்றார் அவள் அண்ணன் தணிகாசலம், குடைக்குள் நின்றபடி. அவருடைய புதுக் கார் முதல் வளைவிலேயே சேற்றில் நின்றுவிட்டிருந்தது. “வண்டியும் புதுசா வரட்டும், வீட்டுக்கும் ஒருத்தி வரட்டும்.”

“இது ஏறிட்டா?”

“ஏறிட்டா ரெண்டு பேச்சையும் இனிமே எடுக்க மாட்டேன்.”

முதல் தடவை பாதியில் சக்கரம் வழுக்கி, வண்டி பின்னோக்கி இறங்கி வந்தது. தணிகாசலம் சிரித்துவிட்டார். “பாரம் பத்தல. நான் ஏறிக்கவா? தொண்ணூறு கிலோ இருக்கேன்!” பின்கதவில் கை வைத்தார்.

“கையை எடுங்க மச்சான்.”

அவன் பின்டயர்களில் பாதிக் காற்றை இறக்கினான். இரண்டாவது கியரில், அவசரப்படுத்தாமல் ஏற்றினான். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. சக்கரங்கள் மண்ணைக் கவ்விக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தன.

“பின்னால ஆளே இல்லாம ஏறிடுச்சே!” கீழிருந்து கத்தினார் தணிகாசலம்.

பின்கதவின் உள்கைப்பிடி உடைந்து வருடங்களாகின்றன. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இளம்வழுதி மழையில் இறங்கிப் போய் அதைத் திறந்து, சற்றுத் தள்ளி நின்று வழிவிட்டான்.