இங்கிலீசில் மரியாதை

பொன்னுராஜ் வாத்தியாருக்கு ஈவிரக்கம் கிடையாது என்று தேனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், வாழ்த்துவதற்கு முன்னால் அதிலிருக்கும் பிழையைத் திருத்திக் கையில் கொடுக்கிற மனுஷர். அப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார் பொட்டிப்புரத்துச் சம்சாரி கோட்டைச்சாமி.

"மதுரைக் காலேஜுல இன்டர்மீடியட் படிக்கிறான்யா. எங்க வகையறாவுலயே கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். மத்த பாடத்துல எல்லாம் நல்ல மார்க்கு. இங்கிலீசுதான் காலை வாருது. லீவு முடிஞ்சு போனா செலக்‌ஷன் பரீட்சையாம். அதுல தேறலைன்னா பெரிய பரீட்சைக்கே உக்கார விடமாட்டாகளாம். நீங்கதான் கரையேத்தி விடணும்."

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். இங்கிலீசில் தேறாதவன் எதிலும் தேறாதவன்.

வாத்தியார், பையன் கர்ணன் கையிலிருந்த பரீட்சைப் பேப்பரை வாங்கினார். 'என் தகப்பனார்' என்று இங்கிலீசில் ஒரு கட்டுரை. பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"ஏலே, உனக்கு எத்தனை அப்பன்?"

கர்ணன் திகைத்துப் போனான்.

"'மை ஃபாதர்'னு ஆரம்பிச்சுட்டு, அப்புறம் 'தே', 'தே'ன்னே எழுதியிருக்க. 'தே'ன்னா பல பேரு. ஒரு ஆளுக்கு 'ஹி' போடணும்னு தெரியாதா?"

"தெரியும் சார்." கர்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கய்யாவை 'வந்தாக, போனாக'ன்னு சொல்லித்தான் பழக்கம். 'ஹி'ன்னா 'அவன்'னு சொல்ற மாதிரி இருக்கு. எழுதக் கை வரமாட்டேங்குது."

கோட்டைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பையனை முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்கள். வாத்தியார் மேஜையைத் தட்டினார்.

"மரியாதையை வீட்டுல வச்சிட்டு வா. பரீட்சைப் பேப்பர்ல அப்பனும் 'ஹி'தான், வண்டி ஓட்டுறவனும் 'ஹி'தான். உங்கய்யா மூஞ்சியப் பாத்துச் சொல்லு, 'ஹி'ன்னு!"

பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுலே," என்றார் கோட்டைச்சாமியே. "நான் ஒண்ணும் கோவிச்சுக்கிற மாட்டேன். அதுக்காண்டி நான் தேஞ்சா போயிருவேன்?"

அழுதுகொண்டே சொன்னான் கர்ணன்.

லீவு முடிகிறவரை தினமும் இதே கூத்து. பக்கத்து வீட்டு மாயக்காளுக்குப் பொறுக்கவில்லை.

"பெத்தவரை மதிக்கிற பிள்ளையப் பிடிச்சு, மதிக்காதேன்னு பாடம் நடத்துறாரே! இவரெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று வாத்தியார் காதுபடவே பேசினாள். தெருவும் அதைத்தான் பேசிற்று. வாத்தியார் எதையும் கண்டுகொள்ளவில்லை.

மாசி மாதம் சேதி வந்தது. செலக்‌ஷனில் கர்ணன் தேறிவிட்டான். அதுவும் இங்கிலீசில் காலேஜுக்கே முதல் மார்க்!

கோட்டைச்சாமி வீரபாண்டி கவுமாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து, திருநீறும் தேங்காய் மூடியுமாக மதுரைக்கு ரயிலேறினார். அன்றைக்கே பொழுது சாயத் தேனி ஸ்டேஷனில் வந்து இறங்கியவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வாத்தியாரிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளையப் பாத்தீகளா?" என்றார் வாத்தியார்.

"பாத்தேன்யா. கிராப்பும் சட்டையுமா இருந்தான், எனக்கே அடையாளம் தெரியல. ஆஸ்டல் வாசல்லயே நின்னு பேசினோம். நான் உள்ள வந்தா மத்தவுக படிப்புக் கெட்டுரும்னான். இருட்டுனா எனக்குக் கண்ணு தெரியாதுன்னு, உடனே ரயிலுக்கும் அனுப்பி வச்சுட்டான். பாவம், அவனுக்கு அந்தக் கவலை."

"ம்."

"அதை விடுங்க. பெரிய வீட்டுப் பிள்ளைக நாலஞ்சு பேரு கூட நின்னாக. அதுல ஒருத்தர் என்னையக் காட்டி இங்கிலீசுல என்னமோ கேட்டாரு. நம்ம பய சட்டுனு பதில் சொன்னான் பாருங்க! மறந்துறக் கூடாதுன்னு ரயில்ல அதையே முனங்கிக்கிட்டு வந்தேன்."

கோட்டைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'ஹி இஸ் அவர் சர்வண்ட்.'"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொல்லிக்குடுத்த 'ஹி'யும் போட்டான். அதோட விட்டானா? 'அவர்'னு நம்ம தமிழ்லயும் ஒரு மரியாதையைச் சேத்துக்கிட்டான்! இங்கிலீசு பேசுறப்பக்கூடப் பெத்தவனை 'அவர்'ங்கிறானே, எந்தப் பிள்ளைக்குய்யா வரும் இந்தக் குணம்? அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடிபடல. ஊர்ல கேப்பாக. என்னங்கய்யா அர்த்தம்?"

வாத்தியார் அந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தார். அதில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. இலக்கணம் அவ்வளவு சுத்தம்.

"என்னங்கய்யா பேசாம இருக்கீக? தப்பாச் சொல்லிட்டானா?" கோட்டைச்சாமி பதறிப் போனார்.

"தப்பே இல்ல." என்றார் வாத்தியார். "தகப்பனாரை 'ஃபாதர்'னு எல்லாரும்தான் சொல்லுவாக. அதுக்கு இங்கிலீசுல ரொம்ப மரியாதையான வார்த்தை ஒண்ணு இருக்கு. அதைத்தான் சொல்லியிருக்கான். ஆனா ஊர்ல யாருகிட்டயும் இதைச் சொல்லிராதீக, கோட்டைச்சாமி. கண்ணு பட்டுரும்."