பெண் வீட்டுக் கார்

கடைசிச் சுற்றிலும் அவளுடைய சிவப்புக் கார்தான் முன்னால்.

சோபாவில் அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றிக் கவலையே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நீலக் காரை விரட்டி வருகிறார்.

பெண் பார்க்க வந்த இடம் இது. சொன்னால் யார் நம்புவார்கள்?

டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டியைத் துணி போட்டு மூடச் சொன்னதே அவள் கணவர்தான். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை வீடியோ கேம் ஆடுகிறாள் என்று தெரிந்தால், கைக்கு வந்த நல்ல வரன் கைவிட்டுப் போய்விடுமாம். அவளும் மூடித்தான் வைத்தாள். அந்தம்மா வந்து உட்கார்ந்த கையோடு துணியை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"இது யாரோடது?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோடதுங்க," என்றார் கணவர்.

"எங்கம்மாவோடது," என்றாள் சிந்துஜா, காபித் தட்டோடு நின்றபடியே.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அவள். பெற்ற மகளே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ரெண்டு கண்ட்ரோலர் இருக்கா? எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா குடும்பத்தோட இதுதான்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

அடேயப்பா, என்ன ஓட்டு ஓட்டுகிறார் இந்தம்மா! மலைப்பாதையில் ஒட்டிக்கொண்டே வருகிறார். இத்தனை நாளும் அவளோடு ஓடியதெல்லாம் மெஷின் ஓட்டிய கார்கள். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில், சத்தத்தைக் குறைத்துவைத்து, திருட்டுத்தனமாக ஆடிய ஆட்டம். இன்றைக்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் மூச்சு வாங்குகிறார். அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. சந்தோஷத்தில் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

கணவர் தொண்டையைச் செருமினார்.

அவள் திரும்பவில்லை.

மறுபடியும் செருமினார். இந்த முறை கண்ணும் பேசியது.

விட்டுக்கொடு.

பெண் வீட்டார் என்றால் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன தேதிக்குத் தலையாட்ட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு இலையில் உட்கார வேண்டும். அவளுடைய கல்யாணத்தில் அவள் அப்பா மூன்று நாளும் குனிந்த முதுகோடுதான் நடந்தார்.

இன்னும் ஒரே ஒரு வளைவு.

அவள் பிரேக்கை அழுத்தினாள்.

நீலக் கார் கோட்டைத் தாண்டியது. கணவர் எழுந்து கைதட்டினார். மாப்பிள்ளைப் பையனும் தட்டப்போய் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்தம்மா கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார்.

"பிரேக் போட்டீங்க."

"இல்லீங்க, கை தவறி..."

"நான் பார்த்தேன்."

தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனாலேயே அவளுக்குச் சுருக்கென்றது.

ஆமாம் என்பதுதான் பதில். காலையில் தலையில் பூ வைக்கும்போதுகூட அதைத்தான் சொன்னாள். எதிர்த்துப் பேசாதே. அவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு.

அவமானமாக இருந்தது அவளுக்கு. கணவர் மேல் கோபம் வந்தது. அதைவிடத் தன் மேல்.

கையிலிருந்த கண்ட்ரோலரை மகளிடம் நீட்டினாள்.

சிந்துஜா அப்பாவைப் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அந்தம்மாவின் காலடியில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

என்ன வேகம்! ஒரு வளைவில் நீலம், அடுத்த வளைவில் சிவப்பு. சரக்கென்று திரும்பியபோது மகளின் தலைப்பூ சரிந்து தோளில் விழுந்தது. அந்தம்மா சோபாவை விட்டு இறங்கித் தானும் தரைக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை யார் பக்கம் என்றே தெரியாமல் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தான்.

கடைசி வளைவு. சிவப்புக் கார் முன்னால்.

கணவர் செருமினார்.

மகளின் கட்டைவிரல் தயங்கியது. அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள்.

"விடாதடி!"

கூடம் முழுக்கக் கேட்டது. அவள் குரல்தான். எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தம்மா சொன்னார்.

"அப்படிச் சொல்லுங்க சம்பந்தி."