மேல்தளத்தில் மகன்

"ஐயா, கம்பளிய நல்லாப் போத்திக்கிடுங்க. பனிமலை கிட்ட வந்தாச்சு" என்றாள் நர்ஸ் டெல்சி.

சோலையப்பனின் படுக்கை மெல்ல ஏறி இறங்கியது. "கப்பல் ரொம்ப ஆடுதேம்மா."

"நார்வே கடல் அப்படித்தான். அந்தா, திமிங்கிலம். பாத்தீங்களா?"

"பாத்தேன். மாறன் எங்க? வரச் சொல்லு."

"சார் மேல்தளத்துல போட்டோ எடுக்காங்க."

தினமும் இதே கேள்வி, இதே பதில். டெல்சிக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்ததும் துபாயின் ஜூலை அனல் முகத்தில் அறைந்தது. மணிமாறன் குடும்பத்தோடும் பெட்டிகளோடும் நின்றான்.

அப்பாவின் அறைக்குள் நுழைந்தவனுக்குக் ஏசி குளிரில் உடல் நடுங்கியது. டிவியில் அவன் கப்பலிலிருந்து அனுப்பிய திமிங்கில வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. படுக்கைப்புண் வராமலிருக்க வாங்கிப் போட்ட மெத்தை, காற்று ஏறி இறங்கி அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சிஸ்டர் இதெல்லாம்?"

"எல்லாரும் சேந்து போறோம்னு நீங்கதான சார் ஐயாகிட்ட சொன்னீங்க? எப்பப் போறோம்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வேற என்ன செய்ய?"

சோலையப்பன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே கப்பல்லதானப்பா வந்தோம். ஒருநாள்கூடக் கீழ வந்து எட்டிப் பாக்கலியே."