மூன்று வெள்ளிகள்

குருநகர் டியூட்டரியின் ஓலைக் கொட்டிலுக்குள் ஐந்தரை மணி வெயில் சாய்ந்து விழுகிறது. மின்சாரம் இல்லாத ஊரில் அது மறையும்வரைதான் வகுப்பு. விண்கலத்தில் வழி பார்ப்பவரின் வேலையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறார் ஏரம்பமூர்த்தி மாஸ்டர். அந்த ஆள் சிறிய தொலைநோக்கியால் வானத்து நட்சத்திரங்களை, அந்த வெள்ளிகளைப் பார்த்து, கோணம் அளந்து திசையை அறிகிறாராம். கலத்திலிருந்து உதிரும் துகள்களும் வெயில் பட்டு வெள்ளி போலவே மினுங்கி அவரை ஏய்க்குமாம். முன்வாங்கில் இருந்து யசிந்தா எழும்புகிறாள். “பொய் வெள்ளியை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, சேர்?” “உவ ராக்கெட்டிலை ஏறப்போறாவாம்!” என்று பின்வாங்கில் ஒரு குரல். கொட்டில் சிரிக்கிறது. மாஸ்டரும் சிரித்தபடி, “துகள் அசையும் பிள்ளை, வெள்ளி அசையாது,” என்கிறார். “பரா வெளிச்சமும் அசையாமல்தானே நிக்குது, சேர்?” என்கிறாள் யசிந்தா. சிரிப்பு அறுந்துபோகிறது. கடலில் தோணிகளைத் தேடிப் போர்விமானம் போட்ட அந்த விளக்குகள் சின்னப் பரசூட்டுகளில் தொங்கிக் கடலுக்கு மேலே எரிந்த இரவில், அவளுடைய அப்பா நீக்கிலாப்பிள்ளை மீன்பிடித் தோணியில் இருந்தார். ஒன்பது நாளாகியும் அவர் திரும்பவில்லை. மாஸ்டர் வெண்கட்டியை விரல்களுக்குள் உருட்டுகிறார். தூள் அவருடைய செருப்பில் உதிர்கிறது. “ஒண்டை மட்டும் நம்பப்படாது பிள்ளை. இரண்டு மூண்டு வெள்ளியைப் பார்த்துச் சரிபிடிக்க வேணும்,” என்று தணிந்த குரலில் சொல்லி, பலகையில் மூன்று புள்ளிகள் வைக்கிறார். எல்லோரும் கொப்பியில் குனிகிறார்கள். யசிந்தா மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். “அப்பா ஒண்டைப் பார்த்துத்தான் கரைக்கு வாறவர், சேர்,” என்கிறாள்.