கறுப்புக் குமிழில் ஒரு பொட்டு

"மெஷினுக்குப் பொட்டு வெச்சது யாருய்யா?"

டாக்டர் வெங்கோபராவ் போட்ட சத்தத்தில் தகரக் கொட்டகையே அதிர்ந்தது. பொன்னுவேல் ரெண்டடி பின்னால் நகர்ந்தான்.

நகராமல் என்ன செய்வான்? டாக்டருக்குப் பக்கத்தில் நின்றவர் பெங்களூர் லேபரட்டரியின் பெரிய துரை. நாளைக்கு வரவேண்டிய மனுஷன், சேலத்தில் கார் கிடைத்தது என்று இன்றைக்கே மலையேறி வந்துவிட்டார். வந்த நாளோ ஆயுத பூஜை!

துரை வந்ததே பொன்னுவேலைப் பார்க்கத்தான்.

வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் ஏதோ விழுகிறதாம். அதை அளக்கத்தான் மூன்று வருஷம் முன்னால் சேர்வராயன் மலையில் இந்தக் கொட்டகையைப் போட்டார்கள். மெஷினுக்குள் தலைமுடி மாதிரி ஒரு நூல். மெஷினில் ஏற்றிவைத்த மின்சாரம் கதிர் விழ விழக் கரையும், நூலும் மெல்ல இறங்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

கிளியூர்க்காரன் பொன்னுவேல் மெட்ரிக் பாஸ் பண்ணிவிட்டு, எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டருக்குக் கீழே கூலியாள் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். இந்த வேலையைப் பார்த்ததும் வந்து ஒட்டிக்கொண்டான். மழையோ பனியோ, ஒரு ரீடிங் விட்டதில்லை.

இப்போது பெங்களூரில் நிரந்தர வேலைக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். டாக்டர் இவன் பேரைத்தான் எழுதிப்போட்டிருந்தார். துரை பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்தா மெஷினில் மின்சாரம் கசியாமல் காக்கிற கறுப்புக் குமிழில் அகலமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப்பூ?

டாக்டர் திறந்துவிட்ட கொட்டகைக்குள் காலை எட்டு மணிக்கு நுழைந்தபோதே பொன்னுவேல் அதைப் பார்த்துவிட்டான். கொட்டகை கூட்டுவது அவன் பெண்டாட்டி பூவாயி. போன ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டில் காப்பிப் பழம் தோலுரிக்கிற மெஷினிலிருந்து துரைசானியின் தையல் மெஷின் வரைக்கும் ஒன்று விடாமல் பொட்டு வைத்த மகராசி. வேறு யாராக இருக்கும்?

துடைத்திருக்கலாம்தான். ஆனால் சாமிக்கென்று வைத்த பொட்டை அன்றைக்கே அழிக்க எவனுக்குக் கை வரும்? துரை நாளைக்குத்தானே வருகிறார், பொழுது சாய்ந்ததும் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

"இதென்ன சயன்ஸ் பண்ற இடமா, கோயிலா?" டாக்டர் விடவில்லை. "சொல்லு, இங்கே கூட்டுற உன் பெண்டாட்டி வேலைதானே?"

"கூட்டுகிற பெண்ணா?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார். "அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்."

பொன்னுவேலுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருஷமாகக் குளிரில் அவளும்தானே விடியுமுன் எழுந்து ஓடி வருகிறாள்?

"அவ இல்லீங்க. நாந்தானுங்க வெச்சேன்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"நீயா?" என்று துரை இவன் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க."

துரை ரீடிங் நோட்டை எடுத்தார். பெங்களூருக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டான் பொன்னுவேல். மறுபடியும் எஸ்டேட், மறுபடியும் ஆள் பேர் கூப்பிடுகிற பிழைப்பு.

துரை சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"எட்டு மணி. குமிழில் ஈரச் சந்தனம். நூல் நாலு மடங்கு வேகமாக இறங்குகிறது. ஈரத்தின் வழியே மின்சாரம் கசிகிறது. இதைக் கதிர் என்று கொள்ள வேண்டாம். பத்து மணி. சந்தனம் பாதி காய்ந்தது. இரண்டு மடங்கு. பன்னிரண்டு மணி. முழுக்கக் காய்ந்தது. பழைய வேகம்."

நோட்டை மூடிவிட்டு இடிச்சிரிப்பாகச் சிரித்தார்.

"தான் செய்த தப்பையே அளந்து எழுதியிருக்கிறான்! என் லேபரட்டரியில் பெரிய பெரிய பட்டம் வாங்கினவர்களெல்லாம் தப்பு நடந்தால் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள். ஒன்றாம் தேதி இவன் பெங்களூரில் இருக்கட்டும். கூட்டுகிற பெண்ணும் இருந்துவிட்டுப் போகட்டும்."

அட, இப்படியும் ஒரு அதிர்ஷ்டமா! பொன்னுவேல் வீட்டுக்கு ஓட்டமாக ஓடினான்.

"ஏம்புள்ள பூவாயி, பெங்களூர் வேலை கெடச்சிருச்சு! ஆனா நீ நொம்பத்தான் பயமுறுத்திட்டே. பொட்டு வெக்க உனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

பூவாயி திருதிருவென்று விழித்தாள்.

"ஏனுங்க, நானா? நேத்துச் சாயங்காலமே டாக்டரய்யா எங்கிட்ட இருந்து சாவிய வாங்கிக்கிட்டாருங்களே! இன்னைக்குக் கூட்டவும் வர வேண்டாம்னுட்டாரு. நான் அந்தப் பக்கமே போவலீங்க."

பொன்னுவேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் யாரோ செருமினார்கள். டாக்டர் வெங்கோபராவ்தான். கையில் பொரிகடலைப் பொட்டலம். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"துரை எதிர்ல எனக்கு வாய் வரலை, பொன்னுவேலு. பூவாயி, நீயும் என்னை மன்னிச்சுடும்மா. உன் தலையில பழியைப் போடப் பார்த்தேன்."

பொட்டலத்தைப் பூவாயியிடம் நீட்டினார். இருந்தாலும் போகவில்லை. அக்கம்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் நானும் அங்கேதான் வர்றேன். பெங்களூர் மெஷின்ல எந்த இடத்துல பொட்டு வெச்சா ரீடிங் கெடாதுன்னு நீதான்ப்பா எனக்குப் பார்த்துச் சொல்லணும்."