டெரோவுக்குப் புது முகம்

"அறுபத்திரண்டு பக்கமா! இது கையேடா, தலகாணியா?" ஹெபர் காகிதக் கத்தையைத் தூக்கி, எடை பார்ப்பதுபோல் ஆட்டினான்.

"எட்டு மாசம் உக்காந்து எழுதினது. மெதுவா வை," என்றாள் யானினா.

டெரோவைப் படைத்தவன் ஹெபர். கணினி விளையாட்டு எழுதுகிறவர்களுக்குப் படம் அசைய, பந்து துள்ள, சத்தம் வர என்னென்ன நிரல் வேண்டுமோ, அதையெல்லாம் முன்கூட்டியே எழுதிச் சேர்த்து, ஊர்ப் பறவை ஒன்றின் பெயரை வைத்து, மொண்டேவிடேயோவிலிருந்து இலவசமாகக் கொடுத்துவந்தான். சரக்கு நல்ல சரக்குதான். எப்படித் தொடங்குவது என்பதுதான் ஒருவருக்கும் புரியாது. வெப்சைட்டில் மொத்தமே ஏழு வரி. ஏழாவது வரி, 'மீதியை நிரலைப் படித்துத் தெரிந்துகொள்ளவும்.' வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆற்றைத் தாண்டி, புவெனஸ் ஐரிஸ்காரர்கள் இதேபோல் கொடுத்துவந்த ஒர்னேரோவுக்குப் போய்விடுவார்கள். அதுவும் பறவைப் பெயர்தான். ஹெபருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்.

இந்த நிலையில் அடுத்த மாதம் மாணவர் போட்டி. நாற்பது அணிகள், இரண்டே நாளில் அணிக்கொரு விளையாட்டு எழுத வேண்டும். அதிக அணிகள் எதை வைத்து எழுதுகின்றனவோ, அதையே பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்கப்போகிறார்கள். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் டெரோவை இழுத்து மூட வேண்டியதுதான் என்று யானினா உட்பட டெரோ குழுவில் எல்லோருமே சொல்லிவிட்டார்கள்.

"இதைக் கேளு," என்று ஹெபர் ஒரு தாளை உருவி வாசித்தான். "'சிவப்பு எழுத்து வந்தால் பயப்படாதே. அது உன்னைத் திட்டவில்லை.' ஏம்மா, பச்சைக் குழந்தைக்கா எழுதறே?"

"நம்மகிட்ட சந்தேகம் கேட்டவங்க முந்நூறு பேர். அவங்களுக்கு நீ என்ன பதில் போட்டே? 'கண்ணு தெரியாதா'ன்னு போட்டே."

"தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கறாங்க? யானினா, முகம் பளிச்சுனு இருந்தா ஜனம் தானா வரும். இந்தக் குப்பையை எவன் படிப்பான்? இங்க பாரு, புது வெப்சைட்!"

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். யானினா குனிந்து பார்த்தாள்.

"என்னப்பா, ஒர்னேரோக்காரங்க வெப்சைட் மாதிரியே இருக்கு?"

"மாதிரி என்ன, அதேதான். யார் வேணா எடுத்துக்கலாம்னு அவனுங்களே திறந்து போட்டிருக்கானுங்க. பேரை மாத்தினேன், கலரை மாத்தினேன், பறவையை மாத்தினேன். அலகு சரியா வர்றதுக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு."

"மத்தவங்க எல்லாம் பார்த்துட்டாங்களா?"

"பார்க்காம? நீலமா பச்சையான்னு மூணு வாரம் சண்டை. கடைசில ஓட்டெடுத்தோம். நீலம்தான் ஜெயிச்சுது."

யானினா தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். "அப்ப, இது வேணாம்?"

"வெச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை கறி சுடறப்போ அடுப்பு பத்தவைக்க ஆகும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தையைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு குழுவின் பக்கமே தலைகாட்டவில்லை. ஹெபர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

போட்டியின் முடிவு நாளன்று, அரங்க வாசலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த ஹெபருக்குத் தலைகால் புரியவில்லை. 'எந்த வெப்சைட்டிலிருந்து தொடங்கினீர்கள்?' என்ற கேள்விக்கு, நாற்பதில் முப்பத்தொரு அணிகள் டெரோ என்று எழுதியிருந்தன. கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே தேநீர்க் குடுவை, முகத்தில் மாப்பிள்ளைக் களையோடு உள்ளே நுழைந்தான். கடைசி வரிசையில் யானினா உட்கார்ந்திருந்தாள். விடுவானா? அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தான்.

"முப்பத்தொண்ணு! பார்த்தியா? உன் தலகாணி இல்லாமலே!"

"பார்த்தேன். சந்தோஷம்."

முதல் பரிசு வாங்கிய மிலாக்ரோஸ் என்ற பெண் மேடையில் மைக்கைப் பிடித்தாள்.

"எங்க அணியில யாருமே இதுக்கு முன்னாடி விளையாட்டு எழுதினதில்லை. டெரோ வெப்சைட்டுக்குப் போனோம். நடுவுல பெருசா, 'இங்கே தொடங்கு'ன்னு ஒரு பட்டன். அமுக்கினோம். ஒரு கையேடு வந்துச்சு பாருங்க, கூடப் பொறந்த அக்கா பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்த மாதிரி! பத்தே நிமிஷம், பந்து துள்ளிடுச்சு!"

அரங்கமே கைதட்டியது. ஹெபரும்தான் தட்டினான். பாதியில் கை நின்றது.

"கையேடா? நம்மகிட்ட ஏது கையேடு? ஏய், எனக்குத் தெரியாம நீ ஏத்திட்டியா?"

"சத்தியமா இல்லை. உன் வெப்சைட்டை நான் தொடக்கூட இல்லை."

மேடையில் விளையாட்டை ஓட்டினார்கள். எந்த விளையாட்டைத் திறந்தாலும், அது எதை வைத்து எழுதப்பட்டதோ அதன் பறவைதான் முதலில் திரையில் வந்து நிற்கும். அதைப் படம் பிடிக்க ஹெபர் போனை உயர்த்தினான்.

வந்து நின்றது ஒர்னேரோ.

யானினாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். "அலகு வரைக்கும் மாத்தினியே ஹெபர், பட்டன் இன்னும் ஒர்னேரோவுக்கே கொண்டுபோய் விடுதே, அதைப் பார்த்தியா?"

ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்ததில்லை. அவர்களிடம்தான் டெரோ ஏற்கெனவே இருக்கிறதே, எதற்காக அமுக்கப்போகிறார்கள்?

"சரி... அந்தக் கையேடு?"

"அடுப்புல போட மனசு வரலை. அக்கரை ஒர்னேரோக்காரங்க கேட்டாங்க, அவங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதிக் கொடுத்துட்டேன். முதல் பக்கத்துலயே என் பேர் போட்டிருக்காங்க. நீ ஒரே ஒரு தடவை அந்தப் பட்டனை அமுக்கியிருந்தா பார்த்திருப்பே."